வயது மோசடி: தண்டனை யாருக்கு?

2020 ஆகஸ்டில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் வயது மோசடிக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தது. செப்டம்பர் 15க்குள் உண்மைப் பிறந்த தேதியை ஒப்புக்கொள்ளும் வீரருக்குத் தடையில்லை. மறைத்து அகப்பட்டால் இரண்டாண்டுத் தடை. ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிட வேண்டியவர் வீரரே. ஆனால் 2015ஆம் ஆண்டுப் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் சுட்டியது வேறொருவரை: உள்ளூர்ப் போட்டிக்காகச் சிறுவனின் பிறந்த தேதியை மாற்றும் பயிற்சியாளரிடமே இது தொடங்குகிறது, பெற்றோரும் மகிழ்ந்து உடன்படுகின்றனர் என்றார்.

அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் இப்பொறுப்பைச் சற்று நேர்மையாகவே பகிர்ந்தது. 2001இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணிக்குப் பந்தெறிந்த டேனி அல்மான்டேவுக்கு 12 அன்று, 14 வயது என டொமினிக்கன் குடியரசின் அதிகாரிகள் உறுதிசெய்தனர். அணியின் வெற்றிகள் பறிக்கப்பட்டன. தவறேதும் செய்யாத சக சிறுவர்களுக்கும் அது இழப்பே. வாழ்நாள் தடையோ டேனியின் தந்தைக்கும் அணியை நடத்திய ரொலாண்டோ பாலினோவுக்கும் விதிக்கப்பட்டது.