அமானிதமாகக் கொடுக்கப்பட்ட பிள்ளை



"அமானிதம்" என்றால் என்னவென்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை ஒப்படைத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த அரபுச் சொல் ரஷ்ய மொழிக்கும் போயிருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் வேறு. "அமானாத்" என்றால் பணயக் கைதி.

காக்கேசிய மலைகளைப் பிடிக்கப் போன ரஷ்யப் படை, ஓர் ஊரோடு உடன்பாடு செய்யும்போது அந்த ஊர்ப் பெரியவர்களின் ஆண் பிள்ளைகளைக் கேட்டு வாங்கும். வாப்பா சொல் மாறினால் பிள்ளைக்கு ஆபத்து. அப்படி வாங்கிய பிள்ளைகளில் சிலரை இராணுவப் பாடசாலைகளில் சேர்த்துப் படிப்பித்து, ஸார் மன்னரின் அதிகாரிகளாக ஆக்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் கதைதான் இது.

இமாம் ஷாமிலைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். தாகெஸ்தான் மலையில் 1834 முதல் 1859 வரை, 25 வருடங்கள், ரஷ்யப் பேரரசை எதிர்த்து நின்றவர். வட்ஸ்அப் குழுக்களில் அவருடைய வீரம் பற்றி அடிக்கடி பதிவுகள் வருகின்றன. அவர் ஒரு வாப்பாவாகப் பட்டது பற்றி எழுதுபவர்கள் குறைவு.

1839ஆம் ஆண்டு. அக்குல்கோ என்ற செங்குத்தான பாறை மலையில் ஷாமிலும் அவருடைய ஆட்களும் குடும்பங்களோடு இருந்தார்கள். ஜெனரல் கிராபேயின் படை சுற்றி வளைத்தது. முற்றுகை ஏறத்தாழ 80 நாள் நீடித்தது. கோடை காலம். மேலே பீரங்கிக் குண்டு, கீழே கொய்சு ஆறு. ஆற்றுக்கு இறங்கி ஒரு குடம் தண்ணீர் எடுப்பதே உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பெண்களும் பிள்ளைகளும் காயப்பட்டவர்களும் நிலத்துக்கடியில் தோண்டிய குழிகளில் கிடந்தார்கள்.

பேச்சுவார்த்தை என்றால் முதலில் மகனைத் தா என்றார் கிராபே. ஷாமில் இணங்கவில்லை. ஆனால் கூட இருந்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்தால் இத்தனை பிள்ளைகள் பிழைக்குமே என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அது நியாயமில்லை என்று இங்கே இருந்துகொண்டு நாம் சொல்லிவிட முடியாது. கடைசியில் ஆகஸ்ட் மாதம் மூத்த மகன் ஜமாலுத்தீன் ரஷ்ய முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஏறக்குறைய பத்து வயது. ஷாமில் தன் ஷெய்ஹின் பெயரை வைத்த பிள்ளை. உம்மாவின் பெயர் பாத்திமத்.

ஷாமில் அப்போது ஒரு துஆக் கேட்டதாக வரலாற்றில் வருகிறது. மூஸா நபியை ஃபிர்அவ்னின் கையில் வைத்தே வளர்த்தெடுத்த ரப்பிடம் இந்தப் பிள்ளையையும் அமானிதமாக விடுகிறேன் என்பதே அதன் கருத்து. ஒரே பிள்ளை. கிராபேக்கு அவன் அமானாத். வாப்பாவுக்கோ அல்லாஹ்விடம் விட்ட அமானிதம்.

பிள்ளையைக் கொடுத்தும் முற்றுகை நிற்கவில்லை. இப்போது ஷாமிலே வந்து சரணடைய வேண்டும் என்றார் கிராபே. பேச்சு முறிந்தது, தாக்குதல் மறுபடி தொடங்கியது, சில நாட்களில் அக்குல்கோ விழுந்தது. அந்த மலைக்காக ரஷ்யப் படையில் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் ஏறத்தாழ 3000 பேர். ஷாமிலின் இன்னொரு மனைவியும் கைக்குழந்தையும், சகோதரியும் அங்கேயே மௌத்தானார்கள். கர்ப்பிணியாக இருந்த பாத்திமத்தையும் சிறிய மகன் காஸி முஹம்மதையும் கூட்டிக்கொண்டு ஷாமில் இரவில் பாறை வழியே இறங்கித் தப்பினார்.

ஜமாலுத்தீன் சென் பீட்டர்ஸ்பேர்க் போய்ச் சேர்ந்தார். முதலில் தலைநகருக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான கடெட் பாடசாலை, பிறகு தலைநகரில் பெரிய கடெட் பாடசாலை. மன்னர் முதலாம் நிக்கலஸ் இந்தப் பிள்ளையில் தனிப்பட்ட கவனம் எடுத்தார். அடிக்கவில்லை, சிறையில் போடவில்லை, மதம் மாற்றவும் இல்லை. நல்ல உடுப்பு, நல்ல சாப்பாடு, ரஷ்ய மொழி, பிரெஞ்சு மொழி, குதிரையேற்றம், நண்பர்கள். பாடசாலையில் வேலை செய்பவன் என்ற வகையில் எனக்கு இந்த இடம்தான் பயத்தைத் தருகிறது. பீரங்கியால் முடியாததை அன்பான ஒரு பாடசாலை பத்து வருடத்தில் செய்து முடித்தது. 1849இல் அவர் குதிரைப்படை அதிகாரியாக வெளியே வந்தார்.

மலையில் உம்மா பாத்திமத் 1845இல் வஃபாத்தாகிவிட்டார். மகனை அவர் அதன்பிறகு பார்க்கவேயில்லை.

வாப்பா விடவில்லை. 1854 ஜூலையில் ஷாமிலின் ஆட்கள், காஸி முஹம்மதின் தலைமையில், ஜோர்ஜியாவின் சினந்தாலி மாளிகைக்குள் புகுந்து இரண்டு இளவரசிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பிடித்துப் போனார்கள். ஒருவர் அன்னா சவ்சவாத்ஸே, மற்றவர் வர்வாரா ஒர்பெலியானி. போகும் வழியில் அன்னாவின் கைக்குழந்தை குதிரையிலிருந்து தவறி விழுந்து இறந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். தன் பிள்ளைக்காக அழுத வாப்பாவின் படைதான் இன்னொரு தாயின் பிள்ளையைப் பறித்தது. நம்முடைய ஆள் என்பதற்காக இந்த வரியை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு அல்ல.

எட்டு மாதப் பேரம் நடந்தது. ஷாமிலின் முதல் நிபந்தனை மகன். பணம் பத்து இலட்சம் ரூபிளில் தொடங்கி 40,000 வெள்ளி ரூபிளில் வந்து நின்றது. ஜமாலுத்தீனிடம் மன்னர் சம்மதம் கேட்டார். அவர் சம்மதித்தார். மறுத்தால் அந்தப் பெண்களும் பிள்ளைகளும் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்த ஒருவரிடம் கேட்கப்பட்ட சம்மதம் அது. பத்து வயதில் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக மலையிலிருந்து இறங்கியவர், இப்போது மற்றவர்களின் பிள்ளைகளுக்காக மலையேறப் புறப்பட்டார்.

1855 மார்ச், செச்னியாவின் மிச்சிக் ஆற்றங்கரை. ஆற்றின் இரண்டு பக்கமும் படைகள். ரஷ்யச் சீருடையில் வந்த ஜமாலுத்தீன், அதைக் கழற்றி மலைநாட்டு உடுப்பை மாற்றிக்கொண்ட பிறகுதான் வாப்பாவின் முன்னால் போனார். ஷாமில் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். கூட வந்த ரஷ்ய அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் விடைபெறும்போது ஜமாலுத்தீனும் அழுதார்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தாய்மொழியான அவார் மொழி ஏறக்குறைய மறந்திருந்தது. ரஷ்யாவின் பலம் எவ்வளவு என்று அந்த மலையில் அவரை விட அறிந்தவர் யாருமில்லை. சமாதானமாகப் போவோம் என்று வாப்பாவிடம் சொன்னார். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஊராருக்கு அவர் பாதி ரஷ்யன். பெரியவர்கள் சண்டையை முடிக்காமல் பிள்ளையை மட்டும் அங்கும் இங்கும் மாற்றினால், அவன் எந்தப் பக்கம் நிற்பான்?

தம்பி காஸி முஹம்மத் பொறுப்பாக இருந்த கராத்தா என்ற ஊரில் ஜமாலுத்தீன் காசநோயில் படுத்தார். ஷாமில் எதிரியிடமே வைத்தியர் கேட்டார். ரஷ்யர்கள் அனுப்பினார்கள். வைத்தியர் பத்திரமாகத் திரும்பும் வரை ஷாமிலின் ஆட்கள் ரஷ்ய முகாமில் அமானாத்தாக இருந்தார்கள். மருந்து பலிக்கவில்லை. 1858இல் அவர் வஃபாத்தானார். முப்பது வயதுகூட ஆகவில்லை. கராத்தாவிலேயே அடக்கினார்கள்.

அடுத்த வருடம் ஷாமில் குனிப் மலையில் சரணடைந்தார். மன்னர் அவரைக் கொல்லவில்லை. கலூகா நகரில் வீடும் உதவிப்பணமும் கொடுத்தார். ஹஜ்ஜுக்குப் போக அனுமதி பல வருடங்களின் பின்னர்தான் கிடைத்தது. 1871இல் மதீனாவில் வஃபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் அடக்கப்பட்டார்.

காஸி முஹம்மத் பிறகு துருக்கி உஸ்மானியப் படையில் சேர்ந்து, 1877இல் ரஷ்யாவுக்கு எதிராகவே போரிட்டார். இன்னொரு மகன் முஹம்மத் ஷபீ, வாப்பா கலூகாவில் இருந்த காலத்திலேயே, பீட்டர்ஸ்பேர்க் போய் ஸார் மன்னரின் மெய்க்காவல் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, பின்னாளில் ரஷ்ய ஜெனரலாகவும் ஆனார். அக்குல்கோவிலிருந்து இறங்கிய அந்த இரவில் பாத்திமத்தின் வயிற்றில் இருந்த பிள்ளை அவர்தான்.