கணுக்கால் மூட்டு இணைப்பும் மூட்டு மாற்றும்

கணுக்கால் மூட்டுத் தேய்வு முற்றி, மருந்து, ஊசி, தாங்குபட்டை, காலணி மாற்றம் எதற்கும் வலி அடங்காதபோது செய்யப்படும் இரு அறுவை சிகிச்சைகள். இத்தேய்வு பெரும்பாலும் பழைய எலும்பு முறிவாலும் தசைநார்க் காயத்தாலும் வருவதால், இடுப்பு, முழங்கால் தேய்வு நோயாளிகளைவிட இந்நோயாளிகளில் பலர் வயதில் இளையவர்கள்.

இணைப்பு: எஞ்சிய குருத்தெலும்பை நீக்கி, முன்கால் எலும்பையும் அதன் கீழே கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்பையும் திருகுகளால் இறுக்கி, ஒரே எலும்பாக வளரவிடுவார்கள். வலி குறையும், மூட்டின் அசைவு போகும். பாதத்தின் அண்டை மூட்டுகள் அதை ஓரளவு ஈடுகட்டினாலும், கூடுதல் சுமையால் பின்னாளில் அவையும் தேயலாம். புகைபிடிப்போருக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

மாற்று: தேய்ந்த பரப்புகளை வெட்டி, உலோகப் பாகங்களையும் நடுவே பாலிஎத்திலீன் தட்டையும் பொருத்துவார்கள். 1970களின் தொடக்ககால வடிவங்கள் பல விரைவில் தளர்ந்தன, இன்றையவை மேம்பட்டவை. அசைவு எஞ்சும், ஆனால் பாகங்கள் தேய்ந்தோ தளர்ந்தோ மறு அறுவை தேவைப்படலாம்.

தேர்வு: கடும் உடலுழைப்பு செய்யும் இளையவர், மூட்டில் கிருமித்தொற்று கண்டவர், நீரிழிவால் பாத உணர்விழந்தவர், தாலஸ் எலும்பு இரத்த ஓட்டமின்றிச் சிதைந்தவர் ஆகியோருக்குப் பொதுவாக இணைப்பே பரிந்துரைக்கப்படுகிறது. மிதமாக நடமாடும் முதியவருக்கும், அண்டை மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவருக்கும் மாற்று பொருந்தும்.

ஒப்பீடு: பிரிட்டனில் 50 முதல் 85 வயது வரையிலானோரிடம் இவ்விரு சிகிச்சைகளையும் ஒப்பிட்டு நடந்த தார்வா (TARVA) ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. ஓராண்டில் இரு சிகிச்சைகளும் நல்ல பலன் தந்தன; நடத்தல், நிற்றலுக்கான மதிப்பீட்டில் அவற்றிடையே புள்ளியியல் அடிப்படையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.