துப்பாக்கியை வைத்துவிட்டு பேரேட்டைத் தூக்கியவர்கள்

எங்கள் செவிலிமேட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே போகும் சாலை வந்தவாசிக்குப் போகிறது. 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட அதே வந்தவாசிதான். அதற்கு 9 வருடம் முன்னால், 1751இல், ராபர்ட் கிளைவ் காஞ்சிபுரத்துக்கே படையோடு வந்துவிட்டார். வரதராஜப் பெருமாளின் நகைகளில் ஒரு மகரகண்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். இந்தக் கிளைவ் 1744இல் சென்னையில் வந்து இறங்கியபோது பட்டாளத்து ஆள் இல்லை. கம்பெனியின் 'ரைட்டர்'. நம்ம பாஷையில் கணக்குப்பிள்ளை. வந்த சரக்கு, போன சரக்கு எழுதுகிற வேலை. 1747இல்தான் படைக்குப் போனார். மீதியை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க் வாங்கியிருப்பீர்கள்.

பேரேட்டிலிருந்து வாளுக்குப் போனவரின் கதை இது. பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு இதன் எதிர்த்திசை மேல்தான் ஆர்வம். கேப்டன், மேஜர் என்று இருந்தவர்கள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஐ.ஐ.எம்., ஐ.எஸ்.பி. என்று எம்.பி.ஏ.வுக்கு மனுப் போடுகிறார்களே, இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது? "ராணுவத்தில் சம்பளம் பத்தவில்லை, கார்ப்பரேட்டுக்கு ஓடுகிறார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் விஷயம் அப்படி இல்லை. பலரை வெளியே அனுப்பியது ஆசை இல்லை, ஒப்பந்தம்.

முதலில் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1943இல் எம்.பி.ஏ. வகுப்பையே நிறுத்திவிட்டு ராணுவத்துக்குப் பாடம் எடுத்தது. அதற்கு முன்பே, 1942இலிருந்து, விமானப்படை அதிகாரிகளுக்கு அங்கே புள்ளிவிவரப் பயிற்சி நடந்தது. எத்தனை விமானம் பறக்கிற நிலையில் இருக்கிறது, எத்தனை உதிரிபாகம் எந்தக் கிடங்கில் கிடக்கிறது... கிட்டத்தட்ட நாம் படிக்கும் ஸ்டாக் கணக்குதான், சரக்குதான் குண்டு :-) அங்கே கணக்கியல் கற்பித்த இளைஞர்களில் ஒருவர் ராபர்ட் மக்நமாரா. போர் முடிந்து 1946இல் டெக்ஸ் தார்ன்டன் என்பவர் தலைமையில் 10 அதிகாரிகள் கூட்டாக ஃபோர்டு கம்பெனிக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் மக்நமாராவும் உண்டு. 1960இல் ஃபோர்டின் தலைவர், 1961இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர். வியட்நாம் போரையும் அதே எண்ணிக்கைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அதன் விளைவு தெரிந்ததே.

இந்த 10 பேர் விதிவிலக்கு. பெருவாரியானவர்களுக்குக் கதவைத் திறந்தது 1944 ஜூன் 22இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. பில். போரிலிருந்து திரும்பியவர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டும், படிக்கும் காலத்துக்கு மாதாமாதம் படியும் தரும். 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 49 சதவீதம் முன்னாள் படையினர். ஹார்வர்டின் 1949ஆம் வருட எம்.பி.ஏ. செட்டிலும் பெரும்பாலோர் போர்க்களம் பார்த்தவர்கள்தான். அமெரிக்கத் தொழில் உலகில் ரொம்பப் பேர் பெற்ற செட் அது. இதில் நான் அடிக்கோடிடுவது ஒன்றைத்தான்: காசு யார் கொடுத்தது? அரசு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1961 நவம்பரில் கல்கத்தா ஐ.ஐ.எம்., டிசம்பரில் அகமதாபாத் ஐ.ஐ.எம். அகமதாபாத்துக்குப் பாடத்திட்ட உதவி ஹார்வர்டு, பண உதவி ஃபோர்டு அறக்கட்டளை. 1962 அக்டோபரில் சீனப் போர். ராணுவத்தில் இளம் அதிகாரிகள் போதவே போதாது என்பது ஒரே மாதத்தில் பட்டவர்த்தனமாகிவிட்டது. 1963 ஜனவரியில் அவசர அவசரமாகப் புனேயிலும் சென்னைப் பரங்கிமலையிலும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பரங்கிமலைப் பள்ளிதான் 1988இல் ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி என்று பெயர் மாறியது.

ஆக, மேனேஜர்களை உருவாக்கும் பள்ளியும், குறுகிய காலத்துக்கு மட்டும் அதிகாரிகளை உருவாக்கும் பள்ளியும் பதினான்கு மாத இடைவெளியில் பிறந்தவை. ஆனால் ஒன்றிலிருந்து வெளியே வருகிறவர் இன்னொன்றுக்குள் எப்படி நுழைவார் என்று அன்று யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை.

பரங்கிமலையில் முதலில் தயாரானவர்கள் 'எமர்ஜென்சி கமிஷன்' அதிகாரிகள். பெயரிலேயே இருக்கிறது, அவசரத்துக்குச் சேர்த்தவர்கள். 1965 பாகிஸ்தான் போரில் இவர்கள் நிறையப் பேர் களத்தில் இருந்தார்கள். அவசரம் தீர்ந்ததும் ஒரு பகுதியினரை நிரந்தரமாக்கிவிட்டு, மற்றவர்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். இருபதுகளின் கடைசியில், ஒரு போரைப் பார்த்துவிட்டு, வேலை இல்லாமல் நிற்கும் பட்டதாரி! அரசு அவர்களை முழுக்கக் கைவிடவில்லை. ஐ.ஏ.எஸ். முதலான மத்தியப் பணிகளில் அவர்களுக்காகச் சில வருடங்கள் ஒரு பங்கு காலியிடம் ஒதுக்கினார்கள். அப்படிப் போய்க் கலெக்டரானவர்களும் காவல்துறை உயரதிகாரிகளானவர்களும் உண்டு. அன்றைய இந்தியாவில் அரசு தரக்கூடிய நல்ல வேலை அரசு வேலைதான். எம்.பி.ஏ. பற்றி யார் யோசித்தார்கள்?

1965லிருந்து ஷார்ட் சர்வீஸ் கமிஷன். இங்கேதான் நம் பாடத்து ஒப்பந்தச் சட்டம் வருகிறது. ஆரம்பத்தில் 5 வருடம், வேண்டுமானால் நீட்டிப்பு. 2006இல் இதை 10 வருடம், விரும்பினால் மேலும் 4 என்று மாற்றினார்கள். ராணுவ அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 20 வருட சர்வீஸ் வேண்டும். 14ஐ எப்படி இழுத்தாலும் 20 ஆகாது. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி உண்டு: முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அரை மாதச் சம்பளம். கூட்டிப் பாருங்கள், 10 வருடத்துக்கு 10 மாதச் சம்பளம்.

ராணுவத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கர்னலுக்கு மேலே பதவிகள் ஊசி முனை போலக் குறுகிக்கொண்டே போகும். கீழே எல்லையில் நிற்க இளைஞர்கள் நிறைய வேண்டும், மேலே இடமில்லை. எனவே பாதியில் இறங்குகிறவர்கள் இருந்தால்தான் அந்த வண்டி ஓடும். சரிதான். ஆனால் இறங்குமிடத்தில் என்ன வைத்திருக்கிறோம்?

1991க்குப் பிறகு தனியார் துறை பெருத்ததும் அந்த இடத்தைப் பிசினஸ் ஸ்கூல்கள் பிடித்துக்கொண்டன. 2001இல் ஹைதராபாத்தில் ஐ.எஸ்.பி., ஒரே வருடப் படிப்பு. 2004இல் பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் தொடங்கிய கிரேட் லேக்ஸ் (பின்னாளில் மாமல்லபுரம் பக்கம் மணமையில், அதாவது அன்றைய எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்). 2006இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஒரு வருடப் படிப்பு. முப்பதைத் தாண்டி, குழந்தை குட்டியோடு இருப்பவருக்கு இரண்டு வருடத்தை விட ஒரு வருடம் லாபம் என்பதால் அதிகாரிகளின் கண் இவற்றின் மேல்தான் விழுந்தது. இன்று இந்தப் பெரிய பள்ளிகளின் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டும். அந்த 10 மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய் முழுசாகக் கொட்டினாலும் பெரும் பகுதிக்குக் கல்விக்கடன்தான். ஜி.ஐ. பில்லுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கட்டணம் குறைந்த வழியும் ஒன்று உண்டு. முன்னாள் படையினரின் மறுவாழ்வைப் பார்க்கும் டி.ஜி.ஆர்., ஐ.ஐ.எம்.களில் அதிகாரிகளுக்கென்றே 24 வாரப் படிப்பு நடத்துகிறது. கட்டணத்தில் 60 சதவீதம் அரசு, 40 சதவீதம் அதிகாரி. நல்ல ஏற்பாடு. ஆனால் கிடைப்பது சான்றிதழ், எம்.பி.ஏ. இல்லை. வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

விண்ணப்பத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பணியில் இருக்கும்போதே மனுப் போட மேலிட அனுமதி வேண்டும். செய்த வேலையில் பாதியை வெளியே சொல்லக்கூடாது. மீதிப் பாதி படிப்பவருக்குப் புரியாது. சியாச்சினில் ஒரு கம்பெனிக்கு மண்ணெண்ணெயும் ரேஷனும் குளிர்காலம் முழுக்கப் போய்ச் சேர ஏற்பாடு செய்தவர் அதை 'சப்ளை செயின்' என்று எழுதினால்தான் தேர்வுக்குழுவுக்கு உறைக்கும். 'கம்பெனி' என்ற சொல்லே அவருக்கு 100 பேருக்கு மேற்பட்ட படைப்பிரிவு, நமக்கு லிமிடெட்! லாப நஷ்டக் கணக்கு எழுதியதில்லை என்பதை அவருடைய குறை என்கிறார்கள். தப்பினால் உயிர் போகும் கணக்கை எழுதியவருக்கு பேலன்ஸ் ஷீட் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போதும் என்பது என் கட்சி.

பெண்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 1992இல் பரங்கிமலையில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஆனால் ஷார்ட் சர்வீஸ் மட்டும். ஒருசில பிரிவுகள் தவிர நிரந்தரப் பணி கிடையாது. 14 வருடம் முடிந்தால் வீட்டுக்கு. 2020 பிப்ரவரி 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது மாறியது. அதுவரை ஒரு பெண் மேஜருக்கு எம்.பி.ஏ. மனு என்பது லட்சியமோ கனவோ இல்லை, அடுத்த மாத வாடகை.

இவ்வளவும் அதிகாரிகள் கதை. சாதாரண ஜவானுக்கு 15 வருடத்தில் பென்ஷன் இருந்ததால் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டம் அதையும் மாற்றிவிட்டது. 4 வருடம், அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் உள்ளே. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் சேவா நிதி. 1960களில் பரங்கிமலைக் கேப்டனுக்குப் போட்ட அதே ஒப்பந்தம்தான் இது. ஒரே வித்தியாசம், அந்தக் கேப்டன் உள்ளே போகும்போதே பட்டதாரி. இவர் பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்துவிட்டுப் போகிறவர். பயிற்சியையே பாதி மதிப்பெண்ணாகக் கணக்கில் எடுத்து இக்னோ பல்கலைக்கழகம் பட்டம் தரும் என்று 2022இலேயே அறிவித்தார்கள். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு, 24 வயதில், எங்கள் வகுப்புக்காரர்களோடு சரிசமமாக அவரும் கேட் தேர்வு எழுத வரலாம்.