கொலனோஸ்கோபியில் பாலிப் கண்டறிதல்

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகளே பாலிப்கள். அவற்றுள் அடினோமா எனப்படும் வகையில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுகின்றன. சோதனையின்போதே அவற்றை வெட்டி எடுத்துவிடலாம் என்பதால், குழாய்க் கருவியால் குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோபி நோயைக் கண்டறிவதோடு வருமுன் தடுக்கவும் செய்கிறது. ஆனால் கண்ணில் படாததை வெட்ட முடியாது. ஒருவருக்கே அடுத்தடுத்து இருமுறை செய்த சோதனைகளை ஒப்பிட்டு 2006இல் வெளியான தொகுப்பாய்வு, முதல் முறையில் ஏறத்தாழ 22% பாலிப்கள் தப்பிவிட்டதாகக் காட்டியது. தப்பியவற்றில் பெரும்பாலானவை சிறியவை, 10 மி.மீ. அளவை எட்டியவற்றில் 2% அளவே தப்பின. இக்குறையைப் போக்கப் புதிய கருவிகள் பல வந்துள்ளன. என்றாலும், மருத்துவர் ஒவ்வொருவரின் திறனையும் அளந்து, அவருக்கே தெரிவித்து, பயிற்சி தருவதுதான் முதல் வேலை என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது.

அளவுகோல் எளியது. ஒரு மருத்துவர் செய்த சோதனைகளில் எத்தனை விழுக்காட்டில் ஓர் அடினோமாவாவது கிடைத்தது என்பதே அடினோமா கண்டறியும் விகிதம். போலந்தின் தேசியப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் 186 மருத்துவர்கள் 45,026 பேருக்குச் செய்த சோதனைகளை ஆராய்ந்த மிகால் காமின்ஸ்கி குழுவினர், இவ்விகிதம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தவர்களிடம் சோதித்துக்கொண்டோருக்கு, அடுத்த சோதனைக்கு முன்பே புற்றுநோய் (இடைக்காலப் புற்றுநோய்) வரும் ஆபத்து கூடுதல் என்று 2010இல் காட்டினர். 2014இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு 136 மருத்துவர்களின் 3,14,872 சோதனைகளைக் கணக்கெடுத்தது. அவர்களது விகிதம் 7.4 முதல் 52.5 விழுக்காடு வரை வேறுபட்டது. விகிதம் ஒரு புள்ளி கூடும்போது இடைக்காலப் புற்றுநோய் ஆபத்து 3% குறைந்தது. நல்ல மருத்துவரிடம் நல்ல விளைவு வருவது இயல்புதானே, விகிதத்தை உயர்த்தினால் ஆபத்து குறையும் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் போலந்திலிருந்தே பதில் வந்தது. ஆண்டுதோறும் தம் விகிதம் தெரிவிக்கப்பட்ட 294 மருத்துவர்களைத் தொடர்ந்த 2017 ஆய்வில், விகிதம் உயர்ந்தவர்களிடம் சோதித்துக்கொண்டோருக்கு இடைக்காலப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 37 விழுக்காடும், அதனால் இறக்கும் ஆபத்து பாதியும் குறைந்திருந்தன. இது சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்த ஆய்வன்று. ஆனாலும் அதே மருத்துவர்கள் மாறியபோது விளைவும் மாறியது என்பதைத் தள்ளிவிட முடியாது.

திறமையான கை என்ன செய்கிறது? குழாயைப் பின்னிழுக்கும்போது அவசரப்படுவதில்லை. அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், சராசரியாக 6 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3% பேரிடம் கட்டிகளைக் கண்டனர், விரைந்தவர்கள் 11.8% பேரிடமே கண்டனர். ஆனால் நேரத்தை மட்டும் விதியாக்கினால் போதாது. குறைந்தது 7 நிமிடம் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிய ஒரு மருத்துவமனையில் கண்டறிதல் உயரவில்லை என்று 2008இல் தெரியவந்தது. ஒவ்வொரு மடிப்பின் மறுபக்கத்தையும் விலக்கிப் பார்ப்பதும், தேங்கிய நீரை உறிஞ்சுவதும், தட்டையான பாலிப்கள் மறையும் வலப்பக்கக் குடலை இரண்டாம் முறை பார்ப்பதும்தான் அந்த நிமிடங்களுக்குப் பொருள் தருகின்றன. பேதி மருந்தை முதல்நாள் மாலை பாதியும் சோதனை நாள் காலை பாதியுமாகக் குடிக்கச் சொல்வது வலப்பக்கம் சுத்தமாக இருக்க உதவுகிறது. இதற்குச் செலவே இல்லை.

புற்றுநோயாகவே மாறாத சிறு பாலிப்களை அதிகம் எடுப்பதால் மறுசோதனைகள் பெருகுகின்றன என்பது கனமான ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. எனினும் மேற்சொன்ன போலந்து, கலிபோர்னிய ஆய்வுகள் அளந்தது பாலிப் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. புற்றுநோயையும் மரணத்தையும் அளந்தன. திரையில் பாலிப்பைச் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குத்தான் இந்த ஆட்சேபம் கூடுதலாகப் பொருந்தும். இத்தாலியில் நடந்து 2020இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வில் அக்கருவி விகிதத்தை 40.4இலிருந்து 54.8 விழுக்காடாக உயர்த்தியது. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் சிறியவை. கருவிக்குப் பழகிய கண் தானாகத் தேடுவதில் தளர்கிறதா என்ற ஐயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. போலந்தின் நான்கு மையங்களில் அக்கருவி வந்த பிறகு, அதன் துணையின்றிச் செய்த சோதனைகளில் விகிதம் 28.4இலிருந்து 22.4 விழுக்காடாகச் சரிந்ததாக 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சரிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் கருவி வாங்கிய மையங்கள், அது இல்லாமல் நடக்கும் சோதனைகளின் விகிதத்தைத் தனியே கணக்கெடுத்து மருத்துவருக்குத் தெரிவித்துவர வேண்டும். கருவியோடும் அது இல்லாமலும் நடப்பவற்றை ஒன்றாகக் கூட்டினால் இத்தகைய சரிவு வெளியே தெரியாது.