கதவடைத்து உண்டவர்கள்

எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறையில் நண்பகல் உணவுக்கு ஏழு பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்வது வழக்கம். ஏழு பேருக்கும் ஏழு விதப் பழக்கங்கள். ஒருவர் கறிவேப்பிலையை எல்லாம் பொறுக்கியெடுத்துத் தூக்குச்சட்டியின் மூடியில் வரிசையாக அடுக்கிய பின்னரே முதற் கவளத்தை எடுப்பார். இன்னொருவர் அவித்த முட்டையின் வெள்ளையைத் தின்று முடித்துவிட்டு, மஞ்சட்கருவைக் கடைசி வாய்க்கென்று ஒதுக்கிக் காவல் காப்பார். மூன்றாமவர் தயிர்ச் சோற்றின்மேல் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்வார். ஆனால் அது நனைந்துவிடக் கூடாது என்பதற்காக அவசர அவசரமாக உண்பார். நாம் சோற்றை மெல்லாமல் விழுங்குகிறோம் என்பது மற்ற அறுவரும் நம்மீது நெடுங்காலமாகச் சுமத்திவரும் குற்றச்சாட்டு.

கேட்டால் எல்லோரும் சொல்லும் விடை ஒன்றுதான்: "எனக்கு இப்படித்தான் பிடிக்கும்." அந்த விடைக்குமேல் கேள்வி கேட்பது நாகரிகம் அன்று. ஆயினும் இலக்கியம் கற்பிப்பவனுக்கு வாய்த்த கெட்ட குணம் ஒன்று உண்டு. எதைக் கண்டாலும் இது எப்போது தொடங்கியது என்று கேட்கத் தோன்றிவிடும். "எனக்குப் பிடிக்கும்" என்று நாம் சொல்லும் செய்கைகளில் எத்தனை உண்மையில் நம்முடையவை?

முதலில் எளிய சான்றிலிருந்து தொடங்குவோம். கலியாணப் பந்தியில் இலை போட்டவுடன், சோறு வருவதற்கு முன்பே, இலையின் ஓரத்தில் ஒரு துளி பாயசமோ சிறிது சருக்கரையோ வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பெரியவர்கள் அதைச் சுண்டு விரலால் தொட்டு நாவில் வைத்துக்கொண்டே அடுத்த பண்டத்துக்குக் காத்திருப்பார்கள். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில், பெருவாயின் முள்ளியார் உணவுக்கு வரிசை வகுத்துக் கொடுத்திருக்கிறார்: இனிப்பானவை முதலில், கசப்பானவை இறுதியில், எஞ்சியவை இடையில். கிழக்கு நோக்கி அமர வேண்டும். நின்றுகொண்டும், படுத்துக்கொண்டும், கட்டில்மேல் இருந்தும், வெட்டவெளியிலும் உண்ணலாகாது. விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்கு அளித்த பின்னரே தான் உண்ண வேண்டும். காக்கைக்கு ஒரு பிடி வைத்த பின்னரே வாயில் சோறு வைக்கும் பாட்டிமார் பலர் அந்த நூலின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஏடு மறைந்தாலும் விதி கைக்குள் தங்கிவிடுகிறது. இது ஒருவகை.

இரண்டாவது வகை தானியம் விட்டுச்சென்ற சுவடு. நம்மீதுள்ள குற்றச்சாட்டுக்கு விடை இங்கேதான் கிடைத்தது. எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த சீமை. தந்தையாரின் இளமைக்காலத்தில் அங்கே அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கஞ்சியுமே. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. களி உண்பதற்கென ஒரு முறை இருக்கிறது. விரலால் கிள்ளி, உருட்டி, குழியாக்கி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும். 1966இல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல் வந்தது. பாசனக் கிணறுகளும் நியாயவிலைக் கடைகளும் பெருகின. ஒரு தலைமுறைக்குள் களி போய் அரிசி அன்றாடச் சோறாயிற்று. தானியம் மாறியது, ஆனால் விரல்கள் மாறவில்லை. தந்தையார் சோற்றையும் களிபோலவே உருட்டி விழுங்கினார். அவரைப் பார்த்து உண்ணப் பழகிய நாமும், களியைப் பெரும்பாலும் கண்டிராத நாமும், அப்படியே விழுங்குகிறோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழக்கம் என்றவுடன் அதைப் பழந்தமிழர் காலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் ஆசை நமக்கெல்லாம் உண்டு. பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வதைவிடத் தமிழ்த்தன்மை மிக்க செய்கை வேறில்லை என்றே நினைப்போம். ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த 1498ஆம் ஆண்டுக்குப் பின்னர், போர்த்துகீசியர் வழியாகவே அது நம் மண்ணுக்கு வந்தது. வந்த பொருளுக்கு நம் முன்னோர் மிளகின் பெயரையே சற்று நீட்டி வைத்தார்கள். சங்கப் புலவர் எவரும் மிளகாயைக் கடித்ததில்லை. பழையது பழையதுதான், அதனோடு சேர்ந்த கடி அத்தனை பழையதன்று.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம்.

எங்கள் அப்பத்தா உண்ண அமரும்போது தெருக்கதவைச் சாத்திவிடுவார். தாழிடமாட்டார், சாத்துவார். கோடையில் வீடு கொதிக்கும். மின்விசிறி வந்த பிறகும், மகன்கள் வேலைக்குப் போய் வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த பிறகும், அந்த வழக்கம் மாறவில்லை. "அப்பத்தாவின் தட்டை யார் பிடுங்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்போம். கண்ணேறு படும் என்று அஞ்சுகிறார் என்பது வீட்டாரின் விளக்கம். நாமும் அதையே நம்பியிருந்தோம்.

கல்லூரியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துச் சிறுபாணாற்றுப்படையைப் பாடம் சொல்ல வேண்டி வந்தது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய நூல் அது. பத்துப்பாட்டுள் ஒன்றாக உ.வே.சாமிநாதையரால் 1889இல் அச்சேறியது. அதில் பரிசில் பெற்று வரும் பாணன், தான் முன்பு கிடந்த வறுமையை எடுத்துரைக்கும் பகுதி ஒன்று உண்டு. அடுக்களையில் நாய் குட்டி போட்டுக் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் முலையைப் பற்ற, பாலில்லாத தாய்நாய் நோவு பொறுக்காமல் குரைக்கிறது. கூரை சரிந்த வீடு. கரையான் அரித்த சுவர். பசியால் மெலிந்த அவ்வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பின்பு வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு சேர்ந்து உண்கிறாள். வறுமை யாருக்கும் வரக்கூடியது என்று அறியாத மடவோர் கண்டு எள்ளிவிடக் கூடாதே என்ற நாணம்.

அந்த அடிகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் நின்றுவிட்டது. மாணவர்கள் நமக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று எண்ணியிருக்கக் கூடும். அந்த வார இறுதியில் ஊருக்குப் போய், கதவை ஏன் சாத்துகிறீர்கள் என்று அப்பத்தாவிடம் முதன்முறையாகச் சிரிக்காமல் கேட்டோம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "கீரைத் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடந்த காலத்துல, இந்த வீட்டுல இன்னைக்கு இதுதான்னு அடுத்தவ கண்ணுல பட்டுறக் கூடாதுல்லய்யா. அதுக்குச் சாத்துனது. பெறகு சோறு வந்துச்சு. கை பழகிப்போச்சு."

அவர் சிறுமியாக இருந்தது போர்க்காலம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதன்பின் பங்கீட்டு முறை வந்தது. அவர் பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தபோது 1965, 66ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மைலோச் சோளம் ரேஷன் கடைகளில் விற்கப்பட்ட காலம் அது. அவருடைய பாட்டி சொன்னதாக அவர் சொல்லும் கதைகளோ 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றியவை. அப்பஞ்சத்தில் 1877 சனவரியில், நிவாரணப் பணிகளில் மண் சுமந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். அது உயிரைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். இந்த வாதங்கள் ஆவணங்களில் உள்ளன. கதவைச் சாத்திய கைகளைப் பற்றி ஆவணங்களில் ஒன்றும் இல்லை. அது ஒரு பாட்டிலும் ஒரு கிழவியின் பழக்கத்திலும் மட்டுமே எஞ்சியிருந்தது.

இல்லாமையைப் போலவே தடையும் பழக்கமாக உறைந்துவிடும். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா இருந்தார். இளமையிலேயே கணவரை இழந்தவர். இரவில் உண்ணமாட்டார். "ராத்திரி சாப்பிட்டா எனக்குச் செரிக்காது" என்பார். புறநானூற்றின் 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண்களின் உணவை விவரிக்கிறார்: நெய் தீண்டாத, நீரில் கிடந்து பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. 248ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண், கணவன் இறந்தபின், உண்ணும் வேளை கடந்து அல்லி அரிசியை உண்கிறாள். உணவு மட்டுமன்று, அதை உண்ணும் பொழுதுகூட அவளிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது. பெரியம்மாவின் வயிற்றுக்கு உண்மையிலேயே இரவுச் சோறு செரிக்காமல் இருந்திருக்கலாம். நாற்பது ஆண்டுகள் ஒரு வேளையை மறுத்துவிட்டால் எந்த வயிறும் அதைக் கற்றுக்கொள்ளும். ஆனால் செரிக்காதது எது என்ற கேள்வியை அவரிடம் நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இறுதியாகத் தண்ணீர். குவளையை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடிப்பது நம் நாட்டில் நல்வளர்ப்பின் அடையாளம். பொதுக் குவளையில் பலர் குடிக்கும் இடத்தில் அது தூய்மையான முறை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'எச்சில்' என்ற நம் சொல் நோய்க்கிருமியை அறியாத காலத்துச் சொல். அதன் பின்னே இருந்தது தீட்டு. ஒருவர் தம் உதடு குவளையில் படாமல் காத்துக்கொண்டார். இன்னொருவர், தம் கை குவளையில் படவே கூடாது என்பதற்காக, குனிந்து இரு கைகளையும் குவித்து நீரை ஏந்த வைக்கப்பட்டார். ஒரே விதி ஒருவரை அண்ணாந்து நிற்கவும் மற்றவரைக் குனியவும் செய்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளித்தது 1924, 25ஆம் ஆண்டுகளில் காங்கிரசையே உலுக்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தனிச் சட்டமும் வந்தது. அதற்குப் பின்னரும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைகள் நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தன.

வேறொரு கல்லூரியில் பணியாற்றும் நண்பர் ஒருவர் எந்தக் கடையில் தேநீர் குடித்தாலும், குடித்த கண்ணாடிக் குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். கடைக்காரர் பதறிப்போய், "வையுங்க சார், பையன் கழுவுவான்" என்பார். அவருடைய தூய்மையுணர்வை நாம் பலமுறை பாராட்டியிருக்கிறோம். ஒருநாள் அப்படிப் பாராட்டியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்க் கடையில எங்கப்பா கழுவி வைப்பாரு. கழுவாம வச்சா மறுநாள் ஊத்த மாட்டாங்க. நான் அவரு பக்கத்துல நின்னு கத்துக்கிட்டது சார் இது." பேராசிரியர் பட்டமும் ஊதியமும் நகர வாழ்வும் வந்தபின்னும் கை தானாகவே குழாயடிக்குப் போய்விடுகிறது என்றார். அதன்பிறகு அதை நாம் பாராட்டுவதில்லை.

எல்லாப் பழக்கங்களுக்கும் பின்னே ஒரு பஞ்சமோ அநீதியோ இருக்கிறது என்று நாம் வாதிடவில்லை. கறிவேப்பிலையை அடுக்கும் நண்பருக்கு அப்படி அடுக்கப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மஞ்சட்கருவுக்கு வரலாறு தேட வேண்டியதில்லை என்றுகூட நினைத்திருந்தோம். சென்ற வாரம் அந்த நண்பரே சொன்னார்: வீட்டில் ஐந்து பிள்ளைகளாம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு முட்டைதானாம், கடைசி வரையில் யாருடைய தட்டில் மஞ்சட்கரு இருக்கிறது என்பதே அவர்களுக்குள் போட்டியாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அப்பத்தா மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2011 சூன் முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த அரிசியில் பொங்கிய சோற்றையும் அவர் கதவைச் சாத்திவிட்டே உண்டார். ஊர் வீட்டில் இன்று எங்கள் தாயார் உண்ண அமரும்போது கதவு திறந்தே இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

வாசகர்கள் தத்தம் வீட்டு முதியோர் உண்ணும் முறையை ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். விந்தையாக ஏதேனும் தென்பட்டால், சிரிப்பதற்கு முன் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நாம் அப்பத்தாவிடம் மிகவும் தாமதித்துக் கேட்டோம்; பெரியம்மாவிடம் கேட்காமலே விட்டோம்.