ரூமாக் கிணறும் நம்மூர்க் கிணறும்

மதீனாவில் நல்ல குடிநீருக்கு முடை நேர்ந்த காலத்தில், ரூமா என்னும் கிணற்றை ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் விலைக்கு வாங்கி வக்ஃபு செய்தார்கள். வாங்கியவரின் வாளியும் ஏனையோர் வாளிகளும் ஒரே நிலையில் அதில் இறங்க வேண்டும் என்பதே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கேட்ட கொடையின் தன்மை. ஏழைகளுக்கென வேறொரு கிணறு தோண்டப்படவில்லை. ஹதீஸ் ஓதிய நாளில் நாம் கொடையை மட்டுமே வியந்தோம். வாளிகளின் பொருள் வெகு பின்னரே விளங்கிற்று.

கொள்ளிடக் கரையை விட்டு வடக்கே ஏறினால் அரியலூரும் பெரம்பலூரும் பெரும்பாலும் மானாவாரி நிலம். அங்கே கிணறுதான் உயிர். முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்த பகுதி இது. 1920ஐ ஒட்டிச் சென்னை அரசாங்கம் லேபர் கமிஷனர் என்னும் அதிகாரியின் பொறுப்பில் ஆதிதிராவிடர் நலப்பணியைத் தொடங்கிற்று. மாகாணத்தின் பல ஜில்லாக்களில் மனைக்கட்டும் பள்ளிக்கூடமும் அளித்ததோடு, சேரிகளில் தனிக் கிணறுகளும் தோண்டப்பட்டன. தாகம் தணிந்தது உண்மை. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆனால் ஊர்க் கிணறு யாருக்கு மூடியிருந்ததோ, அவர்களுக்கு மூடியே இருந்தது.

1924இல் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் வேறு வழியைக் காட்டிற்று. பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் உரியன என்றது அது. அரசாங்கமும் ஏற்று ஆணை பிறப்பித்தது. எனினும் தனிக் கிணறு தோண்டுவது எவர் மனத்தையும் புண்படுத்தாத சேவை! பொதுக் கிணற்றைத் திறப்பதோ ஊரோடு பகை. நலப்பணியாளர் எதைத் தேர்வார்?

இக்கேள்வியையே 1932 நவம்பரில், இலண்டனுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த டாக்டர் அம்பேத்கர் தக்கர் பாபாவுக்கு எழுதிய கடிதத்தில் எழுப்பினார். தனியாட்களைச் சீர்திருத்தும் பணியைக் காட்டிலும், கிணறு, பள்ளி, பொது வண்டி ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்டும் பணியே முதன்மையானது என்பது அவர் வாதம். ஹரிஜன சேவா சங்கம் அவ்வழியில் செல்லவில்லை.

கடல் கடந்த அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய் என்றிருந்தது. பொதுவிடங்களில் அவ்வழக்கத்தை முடித்தது 1964ஆம் ஆண்டுச் சட்டம். நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பார் உளர். ஒருவரை அவர்தம் கறுத்த தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களை, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யா இருக்கிறதே எனும் கருத்தில் அண்ணலார் கண்டித்தார்கள். பிறப்பைச் சொல்லி இழிப்பதன்றோ அங்கே குற்றமாயிற்று?

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்புக்கென அமைந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. தனித் தொட்டி, தனியே அடையாளமும் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

பிறரைச் சொல்லி நாம் தப்பிவிட இயலாது. முன்னொரு கோடையில், ஒரு மஹல்லாவின் தண்ணீர்ப் பந்தலில், தெருக்கூட்டும் தொழிலாளிக்கு மட்டும் பந்தல் காலில் தனியே ஒரு குவளை தொங்கிற்று. ஸதகா என்றே அதை வைத்திருந்தார்கள். நாமும் அருகில் நின்று நீர் பருகினோம்; வாய் திறக்கவில்லை.