திரிபுர விமானத்தின் வயது

நிலத்தில் ஓடவும், நீரில் மிதக்கவும் மூழ்கவும், விண்ணில் பறக்கவும் வல்ல ஒரு மாபெரும் பொறி. அதன் மூன்று பகுதிகளும் தனித்தனியே பிரிந்து செல்லும். கீலகங்களால் பிணைத்துவிட்டால் மீண்டும் ஒன்றாகி, மின்விசையால் வானில் எழும். 'வைமானிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூல் வருணிக்கும் திரிபுர விமானம் இது. உருமாறும் இராட்சத யந்திரங்களை இன்று சித்திரக் கதைகளில் கண்டு களிக்கும் சிறுவர்களுக்கு, அவற்றின் பாட்டனார் நம் நாட்டிலேயே பிறந்தார் என்று சொல்ல நமக்கும் ஆசைதான். பிறந்தது மெய், எப்போது என்பதே வினா.

நூலைப் பரத்துவாச முனிவர் இயற்றியதாகக் கூறுவர். ஆயின், பெங்களூரில் சுப்பராய சாஸ்திரியார் என்பவர் 1918-க்கும் 1923-க்கும் இடையே, அகக்காட்சியில் பெற்றதாகக் கூறிச் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதே நம் கைக்கு வந்துள்ள நூல். அவருடைய விளக்கங்களைக் கேட்டு எல்லப்பா என்னும் வரைபடக் கலைஞர் விமானங்களின் படங்களை வரைந்தார். 1959-இல் இந்தி மொழிபெயர்ப்பும், 1973-இல் ஜோசியர் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன.

அடுத்த ஆண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர் ஐவர் இதனை ஆராய்ந்தனர். நூலின் நடை வேதகால மொழியன்று, பிற்காலச் சமஸ்கிருதமே. நூல் 1904-க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. வருணிக்கப்பட்ட விமானங்கள் எவையும் பறக்கத் தக்கவை அல்ல. இவையே அவர்கள் கண்ட முடிவுகள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவற்றுள் முதலாவது வியப்பளிக்கவில்லை. பழைய நூல் ஒவ்வொரு சொல்லிலும் நம்மைத் தடுத்து நிறுத்தும். இந்நூலோ வழுக்கிக்கொண்டு போகிறது.

இதனால் நம் முன்னோர்க்கு யந்திரக் கற்பனையே இல்லை என்று ஆகிவிடாது. பதினோராம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட போஜனின் 'சமராங்கண சூத்திரதாரம்', பாதரசக் கலத்தைச் சூடேற்றிப் பறக்கவிடும் மரப்பறவையையும், காவல் புரியும் யந்திர மனிதரையும் பேசுகிறது. செய்முறையை விளக்காதது அறியாமையால் அன்று, மறைபொருளைக் காப்பதற்கே என்றும் உரைக்கிறது. அரசர்க்கு உரிய சாமர்த்தியம் அது! எனினும் அந்நூலின் காலத்தைப் பற்றி எவரும் நம்மை ஏமாற்ற வேண்டியதில்லை.

திரிபுரத்தை நாம் பழிக்க வரவில்லை. முதல் உலகப் போரில் ஆகாய விமானமும் நீர்மூழ்கிக் கப்பலும் கவச மோட்டாரும் ஒருங்கே களம் புகுந்தன. அச்செய்திகள் பரவியிருந்த நாளில், அம்மூன்றின் ஆற்றலையும் ஒரே பொறியில் இணைத்துக் காண ஓர் இந்தியப் பண்டிதர் முயன்றார் என்றே நாம் கருதுகிறோம். அக்கனவை வேதகாலத்துக்குத் தள்ளிவிட்டால், அது அவருடையதாக இராது. வேத முனிவர்க்கும் அதனால் பெருமை கூடாது.

பொறி ஒருபோதும் கட்டப்படவில்லை. படங்கள் மட்டும் எஞ்சின. அவற்றில் வரைந்தவர் பெயரோடு, பெங்களூர் என்ற ஊரும் 1923 என்ற ஆண்டும் ஒளிவின்றிக் குறிக்கப்பட்டுள்ளன.